மே மாதத்தில் எங்கள் பாசஞ்சரை நிறுத்தாதீர்கள்

கோடைக்கால ரயில் அட்டவணையைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் பாதையில் காலையில் ஓடும் பாசஞ்சர் ரயிலைப் பராமரிப்புப் பணிக்காக மே மாதத்தில் பாதி வழியோடு நிறுத்தப்போகிறீர்கள். சாயங்காலம் திரும்பும் வண்டியும் அதே பாதி வழியிலிருந்துதான் புறப்படுமாம். போன வருஷமும் இதே மே மாதத்தில்தான் இதைச் செய்தீர்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் அந்த வண்டி ஒழுங்காக ஓடுகிறது, பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நின்றுவிடுகிறது. இன்னொரு வருஷமும் இதைப் பேசாமல் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் வண்டி எண்ணையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் எங்கள் ஸ்டேஷனில் கொடி காட்டும் மனிதரைத்தான் கூப்பிட்டுக் கேட்பீர்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். காவிரிப் படுகையில் எக்ஸ்பிரஸ் நிற்காத ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. சித்திரை பிறந்ததும் முகூர்த்த ஜாக்கெட்டுகள் குவியும். மே கடைசியில் பள்ளிச் சீருடைத் துணி வந்து இறங்கிவிடும். நடுவில் கொஞ்ச நாள்தான் எனக்கு மிஷினை மூடிவைக்க முடியும். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதென்றால் அந்த இடைவெளியில்தான், அதுவும் விடியற்காலை கிளம்பி ராத்திரி வீடு வந்து சேர்கிற மாதிரி. லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. புளிசோறு, தயிர்சோறு, வடகம், ஒரு பெரிய தண்ணீர் கேன், என் இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகள், கூடவே மாமியார். எங்கள் வீட்டில் கோடைச் சுற்றுலா என்றால் இவ்வளவுதான்.

இது ரயிலில் மட்டும்தான் நடக்கும். பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், அதற்கு மேல் 12 வயது ஆகும்வரை அரை டிக்கெட். கொரோனாவுக்குப் பிறகு இதே வண்டிகளுக்கு ஸ்பெஷல் என்று பெயர் வைத்துக் குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினீர்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. அந்த வருஷங்களில் ஒரு குடும்பம் பக்கத்து ஊர் போய்வர எத்தனை யோசிக்க வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ரிசர்வேஷனில் போகலாமே என்பீர்கள். 2016 ஏப்ரலிலிருந்து 5 வயதான பிள்ளைக்குத் தனி இடம் கேட்டால் முழுக் கட்டணம். தவிர, காலையில் எழுந்து வானத்தையும் பிள்ளைகளின் உடம்பையும் பார்த்து "சரி, கிளம்பலாம்" என்று முடிவு பண்ணுகிறவர்கள் 60 நாளைக்கு முன்னாடி எப்படி முன்பதிவு செய்வது?

எங்கள் பக்கம் பார்ப்பதற்கு இடமா இல்லை? தாராசுரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி நடந்தால் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு அங்கே ஒரே ஒரு சிற்பம் போதும். இரண்டு உடம்புக்கும் பொதுவாக ஒரு தலை. என் சின்னவன் அதன் முன்னால் நின்று உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடம்பை மறைப்பான், யானை தெரியும். கையை மறுபக்கம் மாற்றுவான், காளை தெரியும். பின்னால் வந்து நிற்கும் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பான். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் யாரும் பார்க்காதபோது கையை வைத்துப் பார்ப்பார்கள். முன்மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் மாதிரியே செதுக்கியிருக்கிறார்கள். அதை விட்டு நகர்த்த இன்னொரு அரை மணி நேரம் போராட வேண்டும். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

சிதம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்தால் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். திருச்சிக்குப் போனால் ஜங்ஷன் பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம், உச்சிப் பிள்ளையார் கோயிலின் நானூற்றுச் சொச்சம் படி, ஸ்ரீரங்கத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. இதில் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கும்.

எனக்குப் பிடித்தது திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி போகிற பாதை. 37 கிலோமீட்டர்தான். பல வருஷம் மூடிக் கிடந்து, அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திறந்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். போய் இறங்கினால் வேதாரண்யத்து உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை, ஓரத்தில் குவித்து வைத்த உப்பு மேடு. என் மகள் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிஜமாவே உப்புதான்மா" என்றாள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியதை அவள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். அதன் நினைவுத் தூண் அகஸ்தியம்பள்ளியிலேயே இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் கோடியக்கரைச் சரணாலயம். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். ஒரு காலத்தில் ரயிலே கோடியக்கரை வரை போனதாம். மாமியார் சொல்வார். அதே மாதிரிதான் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும். 1926-இல் வந்த பாதையை 1986-இல் மூடிவிட்டீர்கள். 1620-இல் கட்டிய டேனிஷ் கோட்டையும் அதன் முன்னால் கடலும் அப்படியே இருக்கின்றன, போகத்தான் ரயில் இல்லை. அதைப் பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டும்.

போகிற இடத்தைவிடப் போகிற வழியே பிள்ளைகளுக்குப் பாதி சுற்றுலா. ஜன்னலோர இடத்துக்குச் சண்டை, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் மாற்றம் என்று பேசி முடித்துச் சமாதானம், வெள்ளரிப்பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தரும் பாட்டி, நுங்கு, அவித்த கடலை. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியதும் சத்தம் மாறும், எல்லாத் தலையும் ஜன்னலுக்குப் போகும். மே மாதத்தில் கீழே மணல்தான். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம், தண்ணீர் வந்து சேரும்போது இவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் எங்கே என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கத்திரி வெயிலில் காலை 11 மணிக்கு மேல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் கல்தரையில் செருப்பில்லாமல் ஒரு குழந்தையை நடத்திப் பாருங்கள். விரித்திருக்கும் கயிற்றுப் பாய் மேல் குதித்துக் குதித்துத்தான் போக வேண்டும். சந்நிதி 12:30 வாக்கில் சாத்தினால் திரும்ப 4 மணிக்குத்தான் திறக்கும். பிச்சாவரத்தில் உச்சி வெயிலில் படகேறினால் பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். காலை எட்டரை மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றி வரும் வண்டி இருந்தால்தான் கோடையில் ஒருநாள் பயணம் சாத்தியம். எங்கள் காலை பாசஞ்சர் அச்சாக அந்த நேரத்து வண்டி. அதைத்தான் நிறுத்துகிறீர்கள். அடுத்த வண்டி போய்ச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். இருட்டு விலகுவதற்கு முன்னால் எழுந்து சமைத்துக் கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஸ்டேஷனுக்குப் போனோம். கவுண்டரில் டிக்கெட் கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது, நின்றதுதான். விளக்கும் மின்விசிறியும் அணைந்தன. ஒருவர் நடைமேடையோடு நடந்து வந்து, "வண்டி இதோட சரி, எல்லாரும் இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அறிவிப்பு எங்கே என்று கேட்டதற்குக் கவுண்டர் கண்ணாடியைக் காட்டினார்கள். உள்பக்கமாக ஒட்டிய ஒரு தாள், அதில் வண்டி எண்களும் தேதிகளும் ஆங்கிலத்தில். "பேப்பர்லகூட வந்துச்சே" என்றார் உள்ளே இருந்தவர். எங்கள் ஊர் டீக்கடைக்கு வரும் பேப்பரில் அது வந்திருந்தால் நான் ஏன் ஒரு சட்டிப் புளிசோறோடு அங்கே போய் நிற்கிறேன்?

அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ. அன்றைக்கு முகூர்த்த நாள், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாமியாருக்கு மட்டும் ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார். கொழுந்தனாரின் கடைக்குட்டி வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தான். கோயில் வாசலுக்குப் போனபோது சந்நிதி சாத்தும் நேரம். பிள்ளைகள் சுற்றுச்சுவரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் அன்றைய சுற்றுலா. திரும்பும்போது மறுபடி பஸ், மறுபடி ஆட்டோ, அப்புறம் பாதி வழியிலிருந்து ரயில். செலவு, ரயிலில் முழுக்கப் போய்வந்தால் ஆவதைப்போலப் பல மடங்கு. அந்தப் பணத்துக்காக நான் எத்தனை ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்ட வேண்டும் என்று உங்களிடம் கணக்குக் காட்டப் போவதில்லை. வண்டி இல்லை என்பதை முதல் நாளே தெரியும்படி சொல்லியிருந்தால் நாங்கள் வீட்டிலேயே இருந்திருப்போம்.

தண்டவாள வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் டிராக்மேன். அவனிடம் சண்டை போட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெயிலில் தண்டவாளம் விரியும், ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் அதைத் தளர்த்தும் வேலையைத் தொடக்கூடாது, அதற்கென்று வெப்பநிலை வரம்பு உண்டு என்று அவன் விளக்கினான். மே மாதத்தில் உச்சி வெயிலில் அந்த வேலை ஆகாது என்பதால்தான் காலை நேரத்தை எடுத்துக்கொள்கிறார்களாம். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் இந்த வேலைக்குக் கொஞ்சமும் தோதில்லாத மாதத்தைத் தேடிப் பிடித்து ஏன் வைக்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மழை, முடியாது. தை, மாசியில் என்ன? சம்பா அறுவடை முடிந்து இருபுறமும் வயல் காய்ந்து கிடக்கும். பத்து, பதினொரு மணி வரை வெயிலும் கடுமையாக இருக்காது.

அப்போது காலேஜுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்விதான், அவர்களையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன், தை மாசியின் சனி ஞாயிறுகளில் பாதி வேலையையும் மே மாத வார நாட்களில் மீதியையும் செய்யக்கூடாதா? இதையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. காலை வண்டியை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளப்புங்கள். அது போன பிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள். 5 மணிக்கு வண்டி என்றால் 5 மணிக்கு நாங்கள் நடைமேடையில் நிற்போம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்கத்தான் அடம்பிடிப்பார்கள், ரயிலுக்கு அல்ல.

கோடைக்கென்று சிறப்பு ரயில்களே விடுகிறோமே என்பீர்கள். ஆமாம், வருஷா வருஷம் பட்டியல் பார்க்கிறேன். தாம்பரத்திலிருந்து நாகர்கோவில், சென்னையிலிருந்து கோவை என்று பெரும்பாலும் ராத்திரி வண்டிகள், ரிசர்வேஷன் வண்டிகள், வழக்கத்தைவிடக் கூடுதல் கட்டணம். சென்னையில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்து போக அவை வேண்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஊரிலேயே இருப்பவர்கள் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பகல் போய்வர, அந்தப் பட்டியலில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வண்டியும் நான் பார்த்ததில்லை. கோடைப் பயணம் என்றால் தூரப் பயணம் மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது?

தாம்பரத்தில் என் நாத்தனார் இருக்கிறார். அவர் பிள்ளைகளுக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா போக ஒரு திட்டமும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஒரு மின்சார ரயிலை விட்டால் அடுத்தது வரும். கடற்கரை வேண்டுமென்றால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கி நடக்கலாம். எங்களுக்கு அந்த மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி கேட்கவில்லை. இருக்கிற ஒன்றை எடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

எங்கள் படுகைக்கு மட்டுமான கதையும் இல்லை இது. மதுரை–போடி பாதையை 2010 கடைசியில் மூடினீர்கள். தேனிக்கு ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆண்டிபட்டிக் கணவாயை ரயிலில் கடக்காமலே வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினீர்கள். 1914-இல் திறந்த பாலம், பாதுகாப்புதான் முதலில், அது சரிதான். 2023, 2024 இரண்டு கோடையிலும் ராமேசுவரம் போன குடும்பங்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் என்று என் சின்னவன் எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்து, அதைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறான். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையும் அகலப்பாதையாகி 2018-இல்தான் திறந்தது. குகைகளும் 13 கண் பாலமும் உள்ள பாதை, ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தாலே பிள்ளைகளுக்கு அது திருவிழா. பக்கத்துக் குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூனில், பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. நீலகிரி மலை ரயிலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை.

இன்னொன்றை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். எங்கள் பாதையில் சில நாள் வரும் பழைய டெமு (டீசலில் ஓடும் உள்ளூர் ரயில்) பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஆண் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வழி பண்ணிவிடலாம். வயதுக்கு வரும் பருவத்தில் இருக்கும் மகளையும், சர்க்கரை வியாதி உள்ள மாமியாரையும் வைத்துக்கொண்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் எப்படி உட்காருவது? இறங்கும் ஸ்டேஷனில் கழிப்பறை கட்டியிருப்பீர்கள், பூட்டியிருக்கும். சாவி எங்கே என்று கேட்டால் உள்ளே போய்க் கேளுங்கள் என்பார்கள். ஹால்ட் ஸ்டேஷனாக இருந்தால் கேட்பதற்கே ஆள் இருக்காது, டிக்கெட் கொடுக்கும் ஏஜென்ட் வண்டி போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இதனாலேயே என் மகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறாள். மே மாதத்தில், கத்திரி வெயிலில். இதை ஒரு அம்மாவாகச் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

நடைமேடையும் அப்படித்தான். சின்ன ஸ்டேஷன்களில் தரையோடு தரையாக இருக்கும். மாமியாரை ஒருவர் மேலிருந்து இழுக்க, ஒருவர் கீழிருந்து தாங்க, வண்டி கிளம்பிவிடுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2025 மே 22-ஆம் தேதி நாடு முழுவதும் 103 நிலையங்களைப் புதுப்பித்துத் திறந்தபோது சிதம்பரமும் ஸ்ரீரங்கமும் அதில் இருந்தன. போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிலையங்களில் காலை எட்டரைக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்க எங்கள் ஊரிலிருந்து வண்டி வேண்டாமா?

நான் கேட்பது இவைதான்.

இந்த மே மாதத்துக்கான பகுதி ரத்து உத்தரவைச் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களுக்கு உடனே விலக்கிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வண்டியை நிறுத்துவதற்குப் பதில் முன்னதாகக் கிளப்ப முடியுமா என்று உங்கள் பொறியாளர்களோடும் ஓட்டுநர்களோடும் உட்கார்ந்து பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அடுத்த ஆண்டு முதல் பராமரிப்புத் திட்டம் போடும்போது பள்ளி விடுமுறை நாட்காட்டியையும் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: 2023-இலும் 2024-இலும் வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போய் ஜூன் 10-ஐத் தொட்டது, தாண்டியும் போனது. ஜூன் 1 என்று கோடு கிழித்துவிடாதீர்கள்.

எந்த வண்டியை நிறுத்தினாலும் குறைத்தாலும் பதினைந்து நாளுக்கு முன்பே, தமிழில், பெரிய எழுத்தில், கவுண்டருக்கு வெளியே எழுதி வையுங்கள், ஹால்ட் ஸ்டேஷன் உட்பட. அந்த நாட்களில் டிக்கெட் கொடுப்பவர், "இந்த வண்டி இன்னின்ன ஊரோடு சரி" என்று வாய்திறந்து சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். வண்டி நின்ற இடத்திலிருந்து மேற்கொண்டு போக அதே டிக்கெட்டில் பஸ் ஏற்பாடு செய்ய முடியுமா என்று போக்குவரத்துக் கழகத்தோடு பேசுங்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து பள்ளி திறக்கும் வரை, சனி ஞாயிறுகளில் முன்பதிவில்லாத பகல் வண்டி ஒன்று விடுங்கள். காலை எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும், மாலை ஐந்தரைக்குப் பிறகு திரும்ப வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும், சாதாரணக் கட்டணம்தான் வாங்க வேண்டும். பெட்டி இல்லை என்று சொல்லாதீர்கள். 'ஞாயிறு தவிர' என்று அட்டவணையில் போட்டு ஓட்டுகிற வண்டிகளின் பெட்டிகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்கின்றன? முதலில் ஒரு மாதம் அகஸ்தியம்பள்ளிக்கும் தஞ்சாவூருக்கும் ஓட்டிப் பாருங்கள். கூட்டம் வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், நான் மறுபடி எழுத மாட்டேன். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்கும், அகஸ்தியம்பள்ளியிலிருந்து கோடியக்கரைக்கும் அந்த வண்டி வரும் நேரத்துக்கு ஒரு பஸ் நிற்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

கழிப்பறை இல்லாத பெட்டிகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பாதைகளில் விடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், வழியில் ஒரு ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நிறுத்தி, அங்கே கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் வரும்படி வையுங்கள். பூட்டுப் போட்டிருக்கும் மற்றக் கழிப்பறைகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே எழுதுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் பாதைகளில் உள்ள சின்ன ஸ்டேஷன்களின் அறிவிப்புப் பலகையில், மே முதல் வாரத்துக்குள் ஒட்டுங்கள். எந்தத் தேதியில் வண்டி உண்டு, எந்தத் தேதியில் இல்லை என்பது அதில் இருக்கட்டும். எந்த நாளில் மிஷினை மூடலாம் என்று நான் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பாசஞ்சர் பயணி